மூக்கு உரசிய பலகை

முதலாமாண்டில் ட்ராயிங் ஹாலில் ஷீட்டின் மேல் படுத்துக்கொண்டு நான் கோடு போட்டதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் நம்ம செட்டில் குறைவு. கண் சரியாகத் தெரியவில்லை என்று வீட்டில் சொன்னால் கண்ணாடிச் செலவு வரும். அப்பா கொத்தனார். அதனால் ஒரு வருஷம் வாயே திறக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஒரு புத்தகத்தில் அந்த ஜப்பான்காரரின் போட்டோவைப் பார்த்தேன். மூக்கு பலகையில் உரசுகிற மாதிரி குனிந்து, உளியோடு செதுக்கிக்கொண்டிருந்தார். அட, நம்ம ஆளு என்று தோன்றியது. பெயர் ஷிகோ முனகாதா.

ஜப்பானின் பெரிய தீவான ஹொன்ஷூவின் வடகோடியில், பனி கொட்டுகிற அவோமோரி நகரில் 1903 செப்டம்பர் 5-ல் பிறந்தவர். அப்பா கொல்லர். 15 பிள்ளைகளில் இவர் மூன்றாவது. ஆரம்பப் பள்ளியோடு படிப்பு சரி, அப்புறம் உலைக்களம்தான். சின்ன வயசிலேயே கிட்டப்பார்வை. ஆனாலும் கூடப் படித்த பையன்கள் விடுகிற பட்டங்களில் படம் வரைந்து கொடுத்தது இவர்தான். பிறகு உள்ளூர்க் கோர்ட்டில் எடுபிடி வேலை. அந்த நாட்களில் ஒரு பத்திரிகையில் வான்கோவின் சூரியகாந்திப் பூக்களைப் பார்த்துவிட்டு, நானும் வான்கோ ஆவேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

1924-ல் டோக்கியோ போனார். செருப்புத் தைத்தார், புளிக்கவைத்த சோயா பயறு விற்றார். ராத்திரியில் தைல வண்ணத்தில் வரைந்தார். அரசுக் கண்காட்சிக்கு அனுப்பிய படங்கள் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டன. (அரியர்ஸ் வைத்த நண்பர்கள் கவனிக்கவும்!) 1928-ல் ஒரு வழியாக ஒரு படம் தேர்வானது.

நாமாக இருந்தால் அதையே பிடித்துக்கொண்டு மேலே போயிருப்போம். இவர் யோசித்தது வேறு. தைல வண்ணம் மேல்நாட்டு வித்தை. அதில் எவ்வளவு ஓடினாலும் அவர்களுக்குப் பின்னால்தான். ஆனால் அந்த வான்கோவே ஆசைப்பட்டுச் சேர்த்தது ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களைத்தானே? 1926-ல் சுமியோ கவாகமி என்பவரின் மரக்கட்டை அச்சு ஒன்று ஏற்கனவே மனசைப் பிடித்திருந்தது. 1928-ல் உன்இச்சி ஹிராட்சுகாவிடம் போய் வேலை கற்றுக்கொண்டார். பழைய காலத்தில் வரைபவர் ஒருவர், செதுக்குபவர் ஒருவர், அச்சடிப்பவர் ஒருவர். இவரோ மூன்றையும் தானே செய்தார்.

வேலை என்ன தெரியுமா? நம்ம ரப்பர் ஸ்டாம்ப் கணக்குதான். வேண்டாத இடத்தைச் செதுக்கிப் பள்ளமாக்கினால் மேடாக நிற்கிற இடத்தில் மட்டும் மை ஒட்டும். மேலே காகிதத்தைப் போட்டு, மூங்கில் மடல் சுற்றிய வட்டத் தேய்ப்பானால் பின்பக்கம் தேய்க்க வேண்டும். மெஷின் வேண்டாம், வீட்டுத் தரையே போதும். முனகாதா தரையில் முழங்கால் போட்டு, வெறி பிடித்தவர் மாதிரி வேகமாகச் செதுக்குவார். கருப்பு அச்சு காய்ந்ததும் காகிதத்தைத் திருப்பிப் பின்னாலிருந்து வண்ணம் தீட்டுவார். வண்ணம் ஊறி முன்பக்கம் மெதுவாகத் தெரியும்.

நானும் வீட்டில் செய்து பார்த்தேன். மாம்பலகையில் ரேகைக்குக் குறுக்கே உளி வைத்ததும் சிலாம்பு பெயர்ந்து போச்சு. அடுத்து அறுந்த ரப்பர் செருப்பு, பாதி பிளேடு, ஸ்டாம்ப் பேடு மை. தேய்ப்பதற்கு அம்மாவின் கரண்டி. தங்கச்சி பேரை வெட்டினேன், தலைகீழாக விழுந்தது! இடவலம் மாற்றி வெட்ட வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. அதற்குள் விரலில் ரெண்டு வெட்டு.

1939-ல் அவருடைய பெரிய படைப்பு வந்தது. புத்தரின் பத்துச் சீடர்கள், கூடவே இரண்டு போதிசத்துவர்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். பலகையின் விளிம்பு வரை உருவம் முட்டிக்கொண்டு நிற்கும். 1945-ல் டோக்கியோவில் குண்டு விழுந்துகொண்டிருந்த நேரத்தில் குடும்பத்தோடு ஃபுகுமிட்சு என்ற ஊருக்குப் போனார். மே மாதத் தாக்குதலில் டோக்கியோ வீடு எரிந்தது, உள்ளே இருந்த பலகைகளும் போயின. ஆனால் பத்துச் சீடர்கள் தப்பினார்கள். எப்படி? ஒரு நாற்காலியைப் பத்திரமாக அனுப்ப அதைச் சுற்றி அடித்த சட்டம் இந்தப் பலகைகள்தான்! நாற்காலியோடு அவையும் ஊர் போய்ச் சேர்ந்தன. போதிசத்துவர்கள் இருவரும் சாம்பல். 1948-ல் அவர்களைப் புதிதாகச் செதுக்கினார்.

பெருமையெல்லாம் அதற்குப் பிறகுதான். 1955-ல் சாவோ பாவ்லோவிலும் 1956-ல் வெனிஸிலும் அச்சுக்கலைக்கு முதல் பரிசு. 1970-ல் ஜப்பானின் கலாச்சார விருது. நடுவில் 1960-ல் இடது கண் பார்வை அநேகமாகப் போய்விட்டது. மிச்சக் கண்ணைப் பலகைக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார், அவ்வளவுதான். நான் இரண்டாமாண்டில் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். அவர் திட்டவில்லை, ஏன்டா இவ்வளவு நாள் சொல்லலை என்று மட்டும் கேட்டார்.

முனகாதா 1975 செப்டம்பர் 13-ல் டோக்கியோவில் காலமானார். கல்லறை பிறந்த ஊரான அவோமோரியில். அதன் கல்லை எந்த மாதிரியில் அமைக்க வேண்டும் என்று அவரே முடிவு செய்து வைத்திருந்தார். அது வான்கோவின் கல்லறைக் கல்.