சர் தாமஸ் மன்றோ: படைக்களத்திலிருந்து ஊர்மன்றத்துக்கு

இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை இன்று துறைமுகங்களும் ஆலைகளும் நிறைந்து விளங்குகிறது வடசென்னைக் கடற்கரை. பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். மனிதரையும் சரக்கையும் மசூலாப் படகில் ஏற்றி, அலை கடந்து கரை சேர்ப்பது இப்பகுதிப் படகோட்டிகளின் தொழில். 1780 சனவரியில் இக்கரையை வந்தடைந்தார் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர். பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரான தாமஸ் மன்றோ அவர்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1761 மே 27 அன்று பிறந்தவர் மன்றோ. தந்தையார் அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு வணிகம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போர் அவ்வணிகத்தை வீழ்த்த, மகன் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்தார். இளமையில் கண்ட அம்மை நோயால் அவருக்குச் செவிப்புலன் குறைந்திருந்தது. ஆயினும் கற்கும் வேட்கை குறையவில்லை. செர்வாண்டிசின் நூலை மூலமொழியில் படிப்பதற்காகவே ஸ்பானிய மொழியைத் தாமே கற்றவர் அவர். இந்நாட்டுக்கு வந்தபின் பாரசீகமும் இந்துஸ்தானியும் பயின்றார்.

வந்த ஆண்டிலேயே போர் மூண்டது. காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் பெய்லியின் படையை ஹைதர் அலி அழித்தபோது, அருகிருந்தும் உதவாத ஹெக்டர் மன்றோவின் சேனையில் இவரும் இருந்தார். தொடர்ந்த மைசூர்ப் போர்கள் அவரைத் தேர்ந்த போர்வீரராக்கின. எனினும், வாழ்வின் திருப்பம் 1792 இல் நேர்ந்தது. திப்பு சுல்தானிடமிருந்து பெற்ற பாராமகால் பகுதியை ஆள, கேப்டன் அலெக்சாண்டர் ரீடுக்குத் துணையாக அவர் அனுப்பப்பட்டார். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் வட்டாரங்களே அப்பகுதி. ஏழாண்டுக் காலம் வயல்தோறும் நடந்து நிலத்தின் தரத்தையும் உழவரின் நிலையையும் அங்கு அவர் அறிந்தார். தருமபுரியில் தாம் வளர்த்த தோட்டத்தை விட்டுப் பிரிய மனமின்றியே 1799 இல் விடைபெற்றார்.

1800 முதல் 1807 வரை பெல்லாரி, கடப்பை முதலிய பகுதிகளில் கலெக்டராக இருந்தார். தொடக்க ஆண்டுகளில் கூடாரமே அவருக்கு வீடாயிற்று. எண்பது பாளையக்காரர்களைப் படைகொண்டு அடக்கியவரும் அவரே. நிலங்களை அளந்து, இடைத்தரகர் இன்றி உழவரோடு நேரே வரி உடன்பாடு செய்தவரும் அவரே. அதுவே இரயத்துவாரி முறை. ஆயினும் அவ்வரி கடுமையானது என்பதை மறைத்தல் கூடாது. விளைச்சலில் ஏறத்தாழப் பாதி அரசுக்கே சென்றது. அதனை உணர்ந்த மன்றோ, 1807 இல் வரியைக் கால் பங்கு குறைக்குமாறு பரிந்துரைத்தார். கம்பெனி அதற்கு அப்போது இசையவில்லை. உழவர்பால் இரக்கம் கொண்டவராயினும் அந்நிய ஆட்சியின் ஊழியராகவே அவர் இருந்தார் என்பதை இந்நிகழ்ச்சி காட்டும்.

தாயகம் சென்றவர், 1814 இல் நீதிமுறைச் சீர்திருத்தக் குழுவின் தலைவராக மீண்டும் சென்னை வந்தார். அதன் பயனாக 1816 இல் புதிய சட்டங்கள் பிறந்தன. பத்து ரூபாய் வரையிலான சிறு வழக்குகளை ஊர்த்தலைவரே தீர்க்கலாம். ஊர்ப் பஞ்சாயத்தும் கூடி நீதி வழங்கலாம். தொலைவிலுள்ள நீதிமன்றத்தின் வாயிலில் ஏழை காத்துக் கிடத்தல் தீரவேண்டும் என்பதே நோக்கம். பஞ்சாயத்துகள் எதிர்பார்த்த அளவுக்கு வழக்கில் வேரூன்றவில்லை. ஆனால் கிராம முன்சீப் என்னும் பதவி, தமிழ்நாட்டில் 1980 இல் நீக்கப்படும்வரை நிலைத்து நின்றது. 1817, 1818 ஆம் ஆண்டுகளில் மராத்தியப் போருக்காக மீண்டும் வாளேந்திய மன்றோ, 1820 இல் ஆளுநரானார்.

தமிழ் பயில்வோர் அவரை நினைவுகூர வேண்டிய காரணம் பிறிதொன்று உண்டு. நாட்டில் கல்வி எந்நிலையில் உள்ளது என அறிய, 1822 இல் கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். 1826 இல் தொகுக்கப்பட்ட கணக்கின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் பயின்றனர். திண்ணைப் பள்ளிகள் ஊர்தோறும் உயிரோடு இருந்தமைக்கு அஃது ஆவணச் சான்றாயிற்று. தரம்பால் 1983 இல் வெளியிட்ட ஆய்வுநூல் இவ்வாவணங்களை மீண்டும் உலகறியச் செய்தது. அந்தக் கணக்கில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. நூற்றுக்கு மூவரைக்கூட எட்டாத அவ்வெண், பழம்பெருமை பேசுவோரும் படிக்கவேண்டிய எண்ணாகும். ஆசிரியர் பயிற்சிக்கும் வட்டப் பள்ளிகளுக்கும் மன்றோ வகுத்த திட்டம், அவர் மறைவுக்குப்பின் தளர்ந்து, 1836 இல் கைவிடப்பட்டது. உயர்பதவிகளில் இந்நாட்டவரை அமர்த்தல் வேண்டும் என்று அவர் 1824 இல் எழுதிய குறிப்பும் நெடுங்காலம் ஏட்டளவிலேயே நின்றது.

ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்புமுன், தாம் முன்பு ஆண்ட மாவட்டங்களைக் காணப் புறப்பட்டார். வழியில் பத்திகொண்டாவில் காலரா கண்டு, 1827 சூலை 6 அன்று உயிர்நீத்தார். கூத்தியில் அடக்கம் செய்யப்பட்ட உடல், 1831 இல் சென்னைக் கோட்டையின் தூய மேரி ஆலயத்துக்குக் கொணரப்பட்டது. மந்திராலயத்தில் இராகவேந்திரர் அவருக்குக் காட்சி தந்தார் என்னும் செவிவழிச் செய்தியும், திருப்பதியில் அவர் பெயரால் வழங்கும் நைவேத்தியப் பாத்திரமும் மக்கள் மனத்தில் அவர் பெற்ற இடத்தை உணர்த்தும்.

சிற்பி சாண்ட்ரீ வடித்த அவர்தம் சிலை கடல்வழி வந்து 1839 இல் நிறுவப்பட்டது. சேணமும் அங்கவடியும் இல்லாதது சிற்பியின் மறதி என்பர். இலண்டனில் அவரே வடித்த நான்காம் ஜார்ஜின் சிலையும் அவ்வாறே உள்ளதால், அது மறதியன்று. அச்சிலையைக் கண்ணுறுவோர் வெண்கலக் குதிரையை மட்டும் நோக்கியமைதல் போதாது. வென்ற நாட்டை ஆள வாள் போதாது, அந்நாட்டு உழவரின் சொல்லையும் கேட்க வேண்டும் என்று செவி மந்தமான அப்படைவீரர் அறிந்திருந்தார். அவர் பாதியில் விட்டுச் சென்ற பள்ளிப் பணியும் ஊராட்சிப் பணியும் இம்மண்ணின் மக்கள் தம் கைகளாலேயே முடிக்க வேண்டியவை.