ஓய்வறியா ஆசிரியர் டாக்டர் ஜாகிர் ஹுசைன் அவர்கள்



நம் சமுதாயத்துப் பெரியார் ஒருவரின் வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் எழுதித் தருமாறு நிர்வாகக் குழுவினர் நம்மைக் கேட்டுக் கொண்டனர். டாக்டர் ஜாகிர் ஹுசைன் அவர்களை நாம் தேர்ந்தெடுத்தோம். இந்தியாவின் முதல் முஸ்லிம் குடியரசுத் தலைவர் என்ற அளவில் அவர்களை அனைவரும் அறிவர். ஆனால் அப்பதவிக்கு வருமுன் அவர்கள் வாழ்நாளின் பெரும்பகுதியை வகுப்பறைகளிலேயே கழித்தார்கள் என்பதை நம் பிள்ளைகள் அதிகம் அறியார். அதை எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

1897ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் ஹைதராபாத்தில் அவர்கள் பிறந்தார்கள். முன்னோர்கள் உத்திரப் பிரதேசத்தின் காயம்கஞ்ச் ஊரைச் சேர்ந்த பட்டாணியர்கள். தந்தையார் பிதா ஹுசைன் கான் அவர்கள் வழக்கறிஞர், 1907இல் காலமானார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1911இல், பிளேக் நோய் தாயாரையும் கொண்டு சென்றது. தாய் தந்தையை இழந்த அப்பிள்ளையை வளர்த்து ஆளாக்கியதில் எடாவா நகரின் இஸ்லாமியப் பள்ளிக்குப் பெரும்பங்கு உண்டு. பின்னர் அலிகர் கல்லூரியில் சேர்ந்தார்கள். 1915இல், பதினெட்டாம் வயதில், ஷாஜஹான் பேகம் அவர்களை மணமுடித்தார்கள்.

ஜாமிஆவின் தோற்றம்

1920ஆம் ஆண்டு அக்டோபரில் காந்தியடிகள் அலிகருக்கு வந்து, அந்நிய அரசின் உதவி பெறும் கல்விக்கூடங்களை விட்டு வெளியேறுமாறு மாணவர்களை அழைத்தார். எதிர்காலம் நன்கு அமைந்திருந்த நிலையிலும் ஜாகிர் ஹுசைன் அவர்கள் வெளியேறினார்கள். அம்மாதம் 29ஆம் நாள் ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யா தோன்றியது.

1922இல் ஜெர்மனி சென்று, 1926இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பொருளியலில் டாக்டர் பட்டம் பெற்றார்கள். அங்கிருந்தபோது காலிபின் கவிதைத் தொகுப்பை அச்சிட விரும்பி, அச்சுக்கூடத்தில் தாமே நின்று எழுத்துக் கோத்தார்கள். கைத்தொழில் எதுவும் படித்தவனுக்கு இழிவன்று என்பது அவர்கள் ஏட்டில் மட்டும் எழுதி வைத்த கொள்கை அன்று.

நாடு திரும்பியபோது ஜாமிஆ டெல்லி கரோல்பாக்கில் பணமின்றித் தத்தளித்துக் கொண்டிருந்தது. இருபத்தொன்பது வயதில் அதன் துணைவேந்தர் பொறுப்பை ஏற்று, 1948 வரை சுமந்தார்கள். ஹகீம் அஜ்மல் கான் அவர்களின் மறைவுக்குப் பின் நிதி வறண்டபோது, மாதம் 150 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறாமல் இருபது ஆண்டுகள் பணிபுரிவதாக ஆசிரியர்கள் உறுதி பூண்டனர். அவர்களுள் முன்னின்றவர் இவர்களே. 1935ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் ஓக்லாவில் புதிய கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதை நாட்டியவர் செல்வந்தரோ தலைவரோ அல்லர். அப்பள்ளியின் மிகச் சிறிய மாணவரே நாட்டினார்.

தந்தையாக

அவர்களுடைய அருமைச் சிறுமகள் ரைஹானா நோயுற்றிருந்த காலம். ஒருநாள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இனிப்பு வழங்கிக் கொண்டிருந்தார்கள். பணியாளர் வந்து காதோடு காதாக மகளின் மறைவைத் தெரிவித்தார். அவர்கள் முகம் வெளிறியது, கை நிற்கவில்லை. கடைசிப் பிள்ளைக்கும் இனிப்பைக் கொடுத்த பிறகே வீட்டிற்குச் சென்றார்கள். பிள்ளைகளின் மகிழ்ச்சியைக் குலைக்க மனம் வரவில்லை என்று பிற்பாடு காரணம் கூறினார்கள். ஆனால் அந்த மகளை அவர்கள் மறந்தாரில்லை. சிறுவர்களுக்கென எழுதிய கதைகளை ருகையா ரைஹானா என்ற பெயரில் வெளியிட்டார்கள். அப்பூகானின் ஆட்டைப் பற்றிய புகழ்பெற்ற கதையும் அவற்றுள் ஒன்று. மகளுக்குச் சொல்ல முடியாமற்போன கதைகளை நாட்டின் பிள்ளைகளுக்கெல்லாம் மகளின் பெயராலேயே சொன்னார்கள் என்றே நாம் கருதுகிறோம்.

ஸயீதா, ஸபிய்யா என்னும் இரு புதல்வியரையும் வளர்த்து, அவர்களின் மக்களையும் கண்டு மகிழ்ந்தார்கள். நாட்டுப் பிரிவினையில் தம்பி மஹ்மூத் ஹுசைன் அவர்கள் பாகிஸ்தானின் பக்கம் சென்றார்கள். அங்கே டாக்கா, கராச்சி பல்கலைக்கழகங்களின் துணைவேந்தரானார்கள். நாடு இரண்டாயிற்று, அக்குடும்பத்தின் கல்விப் பணி இரு புறமும் தொடர்ந்தது. 1947 ஆகஸ்டில் ஜலந்தர் ரயில் நிலையத்தில் கலவரக் கும்பலிடம் சிக்கிய அண்ணனின் உயிரைக் காத்தவர்கள் ஒரு சீக்கிய ராணுவ அதிகாரியும் ஓர் இந்து ரயில்வே அதிகாரியும் ஆவர்.

ஆதாரக் கல்வி

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டையடுத்து, ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுக்கும் குழுவின் தலைமை அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏழு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழியில் பாடம், கைத்தொழிலின் வழியே அறிவு என்பன அதன் அடிப்படைகள். ஆயினும் காந்தியடிகள் முன்னிலையிலேயே ஓர் எச்சரிக்கையையும் அவர்கள் விடுத்தார்கள். பிள்ளைகளின் உழைப்பு ஈட்டும் வருவாயில் கண் சென்றுவிட்டால், ஆசிரியர் ஏழைச் சிறுவரை வேலை வாங்கும் கங்காணியாகிவிடுவார் என்பதே அது.

ஜமாஅத்தார்களே! இவ்வெச்சரிக்கையை நாம் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடையே வாழ்ந்துகொண்டு படிக்கிறோம். நம்மைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளால் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் படிப்பைப் பாதியில் விட்டு ஒப்பந்தத் தொழிலாளராகச் செல்லும் பிள்ளைகளையும் காண்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தை, பத்தாம் வகுப்பு எழுதவேண்டிய மகனை வேலைக்கு அனுப்புவதாகக் கூறி துஆ கேட்டு வந்தார். குடும்பக் கடன் அவரை அழுத்தியது. நாம் துஆச் செய்து அனுப்பினோம். அத்தேர்வுக்கு இன்னும் எத்தனை மாதங்கள் உள்ளன என்று கேட்டோமில்லை. ஜமாஅத்தின் உதவியையும் தேடித் தந்தோமில்லை. அப்பிள்ளை இன்றும் நம் பின்னால் ஸஃப்பில் நிற்கிறான். ஸலாம் கொடுத்துத் திரும்பும்போதெல்லாம் அது நம் நெஞ்சை உறுத்துகிறது.

இறுதிக் காலம்

1948 முதல் 1956 வரை அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத் துணைவேந்தர், 1957இல் பீகார் ஆளுநர், 1962இல் குடியரசுத் துணைத் தலைவர், 1967 மே 13 முதல் குடியரசுத் தலைவர் எனப் பதவிகள் தேடி வந்தன. 1963இல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. ஓய்வு மட்டும் வாய்க்கவில்லை. 1969 மே 3ஆம் நாள் பதவியில் இருக்கும்போதே வபாத்தானார்கள். தாம் வளர்த்த ஜாமிஆவின் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள்.

இனி பத்தாம் வகுப்பு முடியாத எந்தப் பிள்ளையையும் வேலைக்கு அனுப்புமுன், பெற்றோர் ஒருமுறை ஜமாஅத் அலுவலகத்தின் கதவைத் தட்ட வேண்டுகிறோம். அக்கதவு திறந்திருக்கவும், தட்டியவர் வெறும் துஆவோடு திரும்பாதிருக்கவும் பொறுப்பேற்க வேண்டியவர்கள் நிர்வாகத்தினரும் நாமும்.

அல்லாஹ் அன்னாரின் நற்பணிகளை ஏற்று, நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக! ஆமீன்.