தியாகராஜ விலாசம்

சென்னை திருவல்லிக்கேணிப் பகுதியில், திருவேட்டீசுவரன்பேட்டை பிள்ளையார் கோயில் தெருவில் ஒரு வீடு இருந்தது. மஹாமஹோபாத்யாய டாக்டர் உ.வே.சாமிநாதையர் அவர்கள் சென்னைக்கு வந்த பிறகு பல்லாண்டுகள் வாழ்ந்த இல்லம் அது. அதற்கு அவர் தம் தகப்பனாரின் பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ சூட்டவில்லை. 'தியாகராஜ விலாசம்' என்று பெயர் வைத்தார். தியாகராஜர் என்றதும் நம்மில் பலருக்குத் திருவையாறுதான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தத் தியாகராஜர், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார். அந்தப் பெயர்ப் பலகைக்குப் பின்னால் ஒரு நன்றியின் கதை இருக்கிறது.

ஐயரவர்கள் 1855ஆம் வருடம் பிப்ரவரி 19ஆம் தேதி பிறந்தார். சொந்த ஊர் தஞ்சை ஜில்லாவில் பாபநாசத்துக்கு அருகிலுள்ள உத்தமதானபுரம். தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்வான். கனம் கிருஷ்ணையரின் சிஷ்யர். ராமாயணக் கதை சொல்லி, அதில் கிடைப்பதைக் கொண்டு குடும்பத்தை நடத்தியவர். நிலையான வருமானம் கிடையாது. பிள்ளைக்கோ சங்கீதத்தைவிடத் தமிழில்தான் நாட்டம். எங்கே தமிழ் சொல்லிக் கொடுப்பவர் உண்டோ அங்கே குடும்பமே இடம் மாறியது. அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று ஊர் ஊராகச் சென்றார்கள். போன இடங்களில் இருந்த மக்கள் தானியமும் இருக்க இடமும் கொடுத்து ஆதரித்தார்கள். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் ஆகியோர் தங்களுக்குத் தெரிந்த தமிழை ஒளிக்காமல் அந்தப் பையனுக்குக் கொடுத்தார்கள்.

1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். வேங்கடராமன் என்ற பெயர் மாறி, வீட்டில் கூப்பிடும் சாமிநாதன் என்ற பெயர் நிலைத்தது அப்போதுதான். பிள்ளையவர்களுடன் திருவாவடுதுறை ஆதீனத்துக்கும் சென்றார். 1876 பிப்ரவரி 1ஆம் தேதி பிள்ளையவர்கள் சிவபதம் அடைந்தபோது ஐயருக்கு இருபத்தோரு வயதுகூட நிரம்பவில்லை. போக்கிடம் தெரியாமல் நின்றவரை ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகர் கைவிடவில்லை. தாமே பாடம் சொன்னார். மடத்து மாணாக்கர்களுக்குப் பாடம் சொல்லும் பொறுப்பையும் கொடுத்தார்.

1880இல் கும்பகோணம் கல்லூரியிலிருந்து தியாகராச செட்டியார் ஓய்வு பெறும் சமயம் வந்தது. அவரும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கரே. தம் இடத்துக்கு யாரை வைப்பது என்று யோசித்தவர், நேரே திருவாவடுதுறைக்குச் சென்று தேசிகரிடம் சாமிநாதையரைக் கேட்டார். தேசிகருக்குப் பிரிய மனமில்லை. ஆயினும் பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணி அனுப்பி வைத்தார். மாதம் ஐம்பது ரூபாய் சம்பளம். ஊர் ஊராக அலைந்த அந்தக் குடும்பத்துக்கு முதன்முதலாகக் கவலையில்லாத சோறு கிடைத்தது. அந்த நன்றிதான் பிற்காலத்தில் வீட்டுப் பெயராயிற்று.

அதே வருடம் அக்டோபரில், கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் பார்க்கப் போனார். தாம் படித்த நூல்களையெல்லாம் வரிசையாகச் சொன்னார். முதலியார் அதில் மயங்கவில்லை. சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று விசாரித்தார். ஐயருக்கு அந்த நூல்கள் தெரியாது. வேறொருவராக இருந்தால் மனம் புண்பட்டுத் திரும்பியிருப்பார். ஐயரோ முதலியாரிடமிருந்தே சிந்தாமணிப் பிரதியை வாங்கி வந்து படிக்க ஆரம்பித்தார்.

சிந்தாமணி ஜைன காவியம். சைவ மடத்தில் படித்தவருக்கு அதன் சமயக் கருத்துக்கள் புரியவில்லை. அகராதிகளும் உதவவில்லை. கடைசியில் கும்பகோணத்து ஜைனர்களின் வீடுகளுக்கே போய்க் கேட்டார். அவர்கள் அந்தக் காவியத்தைப் பாராயணம் போல வாசித்து, முடிவில் கோலமிட்டுத் தோரணம் கட்டிக் கொண்டாடுவதைக் கண்டு வியந்தார். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு அவர்களிடம் பாடம் கேட்டார். அவர்களும் வேற்றுமை பாராட்டாமல் விளக்கினார்கள். 1887இல் சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. பிறகு பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மணிமேகலையின் பௌத்தக் கருத்துக்களை விளக்கிக் கொள்ள மளூர் ரங்காசாரியார் துணை செய்தார். ஏட்டுச்சுவடி கொடுத்தவர்களையும் பொருளுதவி செய்தவர்களையும் ஐயர் தம் முகவுரைகளில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அச்சில் ஏறிய நன்றி என்பதால் அது இன்றும் அழியாமல் இருக்கிறது.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்தார். 1906இல் மஹாமஹோபாத்யாய பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் வந்தன. பெருமை இவ்வளவு சேர்ந்த பிறகும், எண்பதை நெருங்கிய வயதில், தம்மைப் பற்றி எழுதுவதற்கு முன் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். தம் சரித்திரத்தை 1940இல்தான் ஆனந்த விகடனில் தொடங்கினார். அது முடியுமுன், 1942 ஏப்ரல் 28ஆம் தேதி திருக்கழுக்குன்றத்தில் காலமானார். அவர் சேர்த்த சுவடிகளும் நூல்களும் 1943இல் ருக்மிணி தேவி அருண்டேல் அவர்களின் முயற்சியால் அமைந்த நூல்நிலையத்தில் பாதுகாப்பாகச் சேர்ந்தன. தியாகராஜ விலாசம் இப்போது இல்லை. 2012இல் இடிக்கப்பட்டு விட்டது.

நாம் ஐயரவர்களை நம்மவர் என்று சொல்லிப் பெருமைப்படுகிறோம். அது நியாயமே. சந்தியாவந்தனமும் ஆசாரமும் விடாதவர் அவர். ஆனால் அவரை உருவாக்கியவர்கள் யார் என்று பார்த்தால் ஐயங்கார், பிள்ளை, ரெட்டியார், செட்டியார், முதலியார், சைவ மடாதிபதி, ஜைனர் என்று பட்டியல் நீளுகிறது. அவர்கள் எல்லோரையும் அவர் தம்மவராகவே நினைத்தார். அவர்களை விட்டுவிட்டு அவரை மட்டும் எடுத்துக்கொள்வது அவருக்கே ஒப்பாது.

மாடுங்காவிலோ, கரோல்பாகிலோ, மல்லேசுவரத்திலோ நம் தாத்தாக்கள் பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்கியபோது, இடம் கொடுத்த நம்மவர்களும் உண்டு. பாஷை தெரியாமல் தவித்தவர்களுக்குக் கைகொடுத்த அண்டை அயலாரும் உண்டு. ஒவ்வொரு குடும்பத்திலும் அப்படி ஒரு செட்டியார் இருந்திருப்பார். அவர் பெயர் நம் குழந்தைகளுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்வோம். ஐயரவர்களுக்கு நாம் செய்யக்கூடிய சிறந்த நமஸ்காரம் அதுவாகத்தான் இருக்கும்.