மரம் அறிந்த மாமேதை

ஜார்ஜ் நகாஷிமா என்ற பெயரை நம்மில் பலர் கேட்டிருக்க மாட்டோம். மரவேலை உலகில் மாபெரும் புகழ் பெற்றவர். அதுவும் நம்ம பாண்டிச்சேரியில் வேலை பார்த்தவர்!

1905-ல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் ஜப்பானியக் குடும்பத்தில் பிறந்தார். எம்.ஐ.டி.யில் கட்டடக்கலை முதுகலை முடித்தார். டோக்கியோவில் அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக்கலைஞரிடம் சேர்ந்தார். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டத்தான் பாண்டிச்சேரி வந்தார். கான்கிரீட் கட்டடம், தேக்குச் சட்டம் அடுக்கிய கதவுகள். அரவிந்தர் அவருக்கு சுந்தரானந்தா என்று பெயர் சூட்டினார். 1939-ல் புறப்பட்டுப் போனார்.

1942-ல் வந்தது சோதனை. ஜப்பானோடு போர் நடந்த நேரம். பிறந்தது அமெரிக்காவில், இருந்தும் ஜப்பானிய வம்சம் என்பதற்காக மனைவி, கைக்குழந்தையோடு அவரை ஐடஹோவில் மினிடோகா முகாமில் அடைத்துவிட்டார்கள். அங்கே அடைபட்டிருந்த ஹிகோகாவா என்ற ஜப்பானியத் தச்சரிடம் இந்தப் பெரிய படிப்பாளி சீடராக நின்று உளி பிடிக்கக் கற்றார். ஆசாரி மகனான எனக்கு இந்த இடத்தைப் படித்தபோது நெஞ்சு நிமிர்ந்தது!

1943-ல் ரேமண்ட் பொறுப்பேற்றதால் விடுதலை. பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற ஊரில் பட்டறை போட்டார். வெடிப்பு விட்ட வால்நட் பலகையை அவர் ஒதுக்கவில்லை. வெடிப்பின் குறுக்கே ரோஸ்வுட்டில் வண்ணத்துப்பூச்சி வடிவ ஆப்பைப் பதித்தார். அழகுக்கு மட்டுமா? இல்லை.

மரம் நீளவாக்கில் அசையாது என்றே சொல்லலாம். அகலவாக்கில்தான் அசையும். ஓரடி அகலத் தேக்குப் பலகையில் ஈரம் 5 சதவீதம் கூடினால் ஏறக்குறைய ஒரு நூல் வீங்கும். எங்க முத்தாபுதுப்பேட்டையில் ஐப்பசி மழையில் கதவு சிக்கும். அவசரப்பட்டு இழைத்துவிட்டால் சித்திரையில் சந்து தெரியும். அதனால்தான் நம்ம ஆசாரிமார் சட்டத்தில் காடி எடுத்து, உள்பலகையை வஜ்ஜிரம் போடாமல் சும்மா சொருகுகிறார்கள். வெவ்வேறு மரங்களைச் சேர்த்தால் இன்னும் கவனம் வேண்டும். ஒன்று அதிகம் வீங்கும், மற்றது குறைவாக.

நகாஷிமாவின் ஆப்பில் ரேகை பலகையின் ரேகைக்குக் குறுக்கே ஓடும். பலகை விரியும், ஆப்பு நீளாது. ஆனால் ஆப்பு குட்டையானது; அந்தச் சில அங்குலத்தில் வரும் வித்தியாசம் மிகச் சொற்பம். வெடிப்பு மேலே ஓடாமல் நிற்கும். அதே ஆப்பை இரண்டடி நீளத்துக்குப் போட்டால் பலகை வேறு இடத்தில் பிளந்துவிடும்!

1990-ல் காலமானார். முகாமுக்குக் கைக்குழந்தையாகப் போன மகள் மீரா பட்டறைப் பொறுப்பை ஏற்றார். அங்கே உருவான அமைதி மேசை ஒன்று 1996-ல் ஆரோவிலுக்கு வந்து சேர்ந்தது.