நாடகத் தமிழை நாட்டாருக்கு அளித்த சங்கரதாஸ் சுவாமிகள்

ஒரு தேசத்தின் பழங்காவியங்கள் ஏட்டில் இருப்பதனால் மட்டும் அத்தேசத்து ஜனங்களின் சொத்தாகிவிடமாட்டா. எழுத்தறியாத குடியானவனும் அவற்றைக் கண்டும் கேட்டும் நெஞ்சில் இருத்திக்கொள்ளும்போதே அவை பொதுச் செல்வமாகின்றன. தமிழ்நாட்டில் இத்தொண்டினை நாடகத்தின் மூலம் ஆற்றியவர்களுள் தலையானவர் தூ. தா. சங்கரதாஸ் சுவாமிகள்.

புலவரும் பாமரரும் ஒருங்கே சுவைக்கும் பாட்டு நெல்லைச் சீமைக்குப் புதிதன்று. இன்று தென்காசி ஜில்லாவில் சேர்ந்துள்ள வீரகேரளம்புதூரில் அரண்மனை கொண்டிருந்த ஊற்றுமலை ஜமீனின் ஆதரவில் வாழ்ந்த அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து அத்தகையது. அந்தச் சீமையிலேயே, தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில், 1867-ம் வருஷம் செப்டம்பர் 7-ந் தேதி தாமோதரக் கணக்கப்பிள்ளையின் குமாரராகச் சங்கரன் பிறந்தார். தந்தையாரிடமும், பின்னர் பழனி தண்டபாணி சுவாமிகளிடமும் தமிழ் பயின்றார். சில காலம் உப்பளத்தில் கணக்கராக இருந்து, 1891-ல் நாடக மேடை புகுந்தார்.

அக்காலத்து மேடையின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். பாட்டுக்கு வரையறையுண்டு, வசனத்துக்கோ இல்லை. நடிகர் தம் மனம்போனபடி பேசுவர். கதை எங்கெங்கோ திரியும். சுவாமிகள் இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் வேடங்களில் பெயர் பெற்றார். ஒருநாள் விடியற்காலையில் சனீசுவரன் கோலத்தில் அவரைக் கண்ட கர்ப்பிணி ஒருத்தி அஞ்சிக் கருச்சிதைந்தாள் என்றும், அன்றோடு அவர் வேடந்தரிப்பதை விட்டார் என்றும் அவர் வரலாறு கூறும். காவியுடுத்து யாத்திரை சென்று மீண்ட அவரைப் புதுக்கோட்டைக் கஞ்சிரா வித்துவான் மான்பூண்டியா பிள்ளை புத்திரராகப் பாவித்து ஆதரித்தார்.

வேடத்தைத் துறந்தவர் எழுத்தாணியைத் துறக்கவில்லை. வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, அபிமன்யு சுந்தரி, சதி சுலோசனா என நாற்பதுக்குக் குறையாத நாடகங்களை இயற்றினார். வடமொழி மிருச்சகடிகமும், ஷேக்ஸ்பியரின் சிம்பலைனும் அவர் கையில் தமிழுருப் பெற்றன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1892-ல் சிலப்பதிகாரத்தை அச்சேற்றினார். அது கற்றோர் கைக்குச் சென்றது. கண்ணகியின் கண்ணீரை ஊர்தோறும் கொட்டகையில் அமர்ந்திருந்த ஜனத்திரளிடம் சேர்த்தவை கோவலன் முதலிய நாடகங்களே. வெண்பாவும் விருத்தமும் சிந்தும் குறட்கருத்தும் ஒரே இரவில் உழவன் காதில் விழுந்தன. வரையறுத்த வசனம் மேடைக்கு ஒழுங்கைத் தந்தது.

கட்டுக்கடங்காத பெரியவர்களைக்கொண்டு இவ்வொழுங்கு நிலைபெறாது என்று கண்டே அவர் பாலர்களைத் திரட்டினார் போலும். 1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபையும், 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும் தோன்றின. செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா முன்னதிலும், டி. கே. ஷண்முகம் சகோதரர்கள் பின்னதிலும் பயின்றவர்கள். பள்ளி செல்லவேண்டிய பிராயத்துச் சிறுவர் இரவெல்லாம் கண்விழித்ததை நாம் மறைக்கவேண்டுவதில்லை. ஆயினும் ஷண்முகத்துக்கென அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதிமுடித்த ஆசிரியரிடம் அவர்கள் கற்ற தமிழ் சாமானியமானதன்று.

அவர் சமைத்த மேடையே பின்னர்த் தேசத்துக்கும் பயன்பட்டது. தியாகி விசுவநாததாஸ் முருகன் வேடத்தில் நின்று, தினைப்புனத்துப் பறவைகளை ஓட்டும் கட்டத்திலே வெள்ளைக் கொக்கைப் பாடினார்; யாரைப் பாடுகிறார் என்பது ஜனங்களுக்கும் புரிந்தது, போலீஸாருக்கும் புரிந்தது. பன்முறை சிறை சென்ற அவர், 1940 டிசம்பர் 31-ல் சென்னையில் வள்ளி திருமணம் நடிக்கையில் மேடையிலேயே உயிர்நீத்தார். பழங்கதை அடிமை ஜனங்களுக்கு உறக்க மருந்தன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சுவாமிகளோ அதற்கு முன்பே, பக்கவாதத்தால் வாயடைத்து, 1922 நவம்பர் 13-ல் புதுச்சேரியில் மறைந்தார். ஆயிரமாயிரம் பேருக்குப் பேசக் கற்பித்த நாவு பேச்சிழந்தது கொடுமையே.

மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளில் கோயில் திருவிழாக்களில் அவர் நாடகம் இன்றும் விடியவிடிய நடக்கிறது. அதை நடத்தும் ஸ்பெஷல் நாடக நடிகர்களுக்குத் திருவிழாக் காலம் போக எஞ்சிய மாதங்களில் பிழைப்பில்லை. சுவாமிகளுக்கு மாலையிட்டு, அவர் மரபைச் சுமப்போரைப் பட்டினியிடுவது மரியாதையாகாது. வருஷத்துக்கு ஓரிரவேனும் ஒவ்வோர் ஊராரும் தகுந்த சம்பளம் தந்து அந்நாடகத்தை ஆடச்செய்வார்களாக. அவர் கடன் தீரும் வழி அதுவே.