ரால்ஃப் பஞ்ச்: ஆய்வேட்டில் பிறந்த வாழ்வு

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றிய அரசியல் அறிஞருள் ரால்ஃப் பஞ்ச் தலையாயவர். டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். இளமையிலேயே தாயை இழந்து, லாஸ் ஏஞ்சல்ஸில் பாட்டி லூசி ஜான்சனின் அரவணைப்பில் வளர்ந்தவர். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் துப்புரவுப் பணியும் செய்து பயின்று, 1927இல் முதன்மை மாணவராய்த் தேறினார். ஹார்வர்டு பல்கலைக்கழகம் உதவித்தொகை ஈந்தது. எனினும் கைச்செலவுக்கு வழியில்லை. அந்நகரக் கறுப்பின மக்கள் ஆயிரம் டாலர் திரட்டித் தந்து, தம் வீட்டுப் பிள்ளையாய் அவரை வழியனுப்பினர்.

1928இல் முதுகலைப் பட்டம் பெற்றபின், வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகி அரசியல் துறையை நிறுவினார். கற்பித்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கும் உழைத்தார். ஆய்வுக்காக ஆப்பிரிக்கா சென்றார். பிரான்சு தன் குடியேற்ற நாடாக ஆண்டது தகோமி. சர்வதேச சங்கத்தின் மேற்பார்வையில் ஆண்டது டோகோலாந்து. மேற்பார்வையால் மக்கள் வாழ்வு சிறந்ததா என்பதே அவர் எழுப்பிய வினா. வேறுபாடு மிகச் சிறிதென்றே கண்டார். 1934இல் முனைவரானார். அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் அரசியல் துறையில் அப்பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. ஆய்வேடு டோப்பன் பரிசையும் வென்றது.

அவ்வினா அவரை விடவில்லை. 1945இல் ஐக்கிய நாடுகள் சாசனத்தில் அடிமை நாடுகள் பற்றிய பகுதிகளை உருவாக்குவதில் பங்கேற்றார். பின்னர் அம்மன்றத்திலேயே பணியாற்றினார். 1949இல் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்குமிடையே போர்நிறுத்த உடன்பாடுகளை முடித்துவைத்தமைக்காக, 1950இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றார். அவர் மறைந்தது 1971இல். மாணவராய்த் தாம் ஆராய்ந்த இரு நாடுகளும் 1960இல் விடுதலை பெற்றதைக் கண்ணாரக் கண்டிருந்தார்.