கைப்பிடியை விரட்டிய கெட்டரிங்!

காரோ, பிக்-அப் வண்டியோ, லாரியோ... ஓட்டுநர் சாவியைத் திருப்பியதும் 'க்ர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும். அடுத்த நொடியே இன்ஜின் உறுமத் தொடங்கிவிடும். அந்த 'க்ர்ர்ர்' எங்கிருந்து வருகிறது என்று என்றாவது யோசித்தது உண்டா? தூங்கிக் கொண்டிருக்கும் இன்ஜினைத் தட்டி எழுப்பும் ஒரு குட்டி மின் மோட்டாரின் சத்தம்தான் அது! அதன் பெயர் ஸ்டார்ட்டர்.

பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு வேடிக்கையான குணம் உண்டு. ஓட ஆரம்பித்துவிட்டால் நிற்காமல் ஓடும். ஆனால், தானாக ஓட ஆரம்பிக்காது! முதலில் யாராவது அதைச் சுழற்றிவிட வேண்டும். அப்போதுதான் பிஸ்டன் நகர்ந்து, பெட்ரோலையும் காற்றையும் உள்ளே இழுத்து, அழுத்தும். அதன் பிறகு தீப்பொறி பட்டுப் பற்றிக் கொள்ளும்.

சுமார் 110 ஆண்டுகளுக்கு முன்பு வரை, இப்படிச் சுழற்றிவிடுவது மனிதர்களின் வேலையாக இருந்தது. காரின் முன்பக்கத்தில் வளைந்த இரும்புக் கைப்பிடியைச் செருகி, பலம் கொண்ட மட்டும் சுற்றுவார்கள். தீப்பொறி கொஞ்சம் முந்திவிட்டால் போச்சு! இன்ஜின் எதிர்ப்பக்கமாக உதைக்கும். கைப்பிடி படாரென்று திரும்பி அடிக்கும். மணிக்கட்டு முறியும், தாடை உடையும். உயிரே போனதும் உண்டு.

பனிக்காலம் வந்தால் பாடு இன்னும் மோசம். குளிரில் இன்ஜின் ஆயில் பாகு போலக் கெட்டியாகிவிடும். வழக்கத்தைவிட அதிக பலத்தோடு, அதிக தடவை சுற்ற வேண்டும். உறைபனியில் விரல் விறைக்க நின்று அந்தக் கைப்பிடியோடு மல்லுக்கட்ட எல்லோராலும் முடியுமா? இந்தத் துன்பத்துக்கு முடிவு கட்டியவர்தான் சார்லஸ் பிராங்க்ளின் கெட்டரிங். அவருடைய கதையைத்தான் இப்போது படிக்கப் போகிறீர்கள்.

பண்ணை வீட்டுப் பையன்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், லவுடன்வில் என்ற ஊருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டில், 1876 ஆகஸ்ட் 29-ல் பிறந்தார் கெட்டரிங். படிப்பில் ஆர்வம் அதிகம். ஆனால், கண் பார்வை சரியில்லை. சிறிது நேரம் புத்தகத்தைப் பார்த்தாலே தலைவலி வந்துவிடும்.

பள்ளிப் படிப்பை முடித்து, கிராமத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக வேலை பார்த்தார். பிறகு கல்லூரியில் சேர்ந்தார். கண் வலி விடவில்லை. படிப்பைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று!

மனம் உடைந்த கெட்டரிங், தொலைபேசிக் கம்பி இழுக்கும் குழு ஒன்றில் சேர்ந்தார். கம்பம் நடக் குழி தோண்டுவது முதல் வேலை. கொஞ்ச நாளிலேயே அந்தக் குழுவுக்கே தலைவரானார். தொலைபேசி வேலை செய்யவில்லை என்றால், கோளாறு எங்கே இருக்கிறது என்று கம்பியைப் பின்தொடர்ந்து போய்க் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலை அவருக்கு மிகவும் பிடித்துப் போனது.

உடம்பு தேறியதும் மறுபடி ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கண்ணுக்கு ஓய்வு கொடுக்க, நண்பர்கள் பாடத்தைப் படித்துக் காட்ட, இவர் காதால் கேட்டுப் படித்தார். 1904-ல் மின் பொறியியல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 27. தாமதம்தான்... ஆனாலும் விடவில்லை பாருங்கள்!

கல்லாப்பெட்டி சொன்ன ரகசியம்

டேட்டன் நகரில் கடைகளுக்கான கல்லாப்பெட்டி இயந்திரங்களைத் தயாரிக்கும் 'நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர்' நிறுவனம் இருந்தது. அங்கே வேலைக்குச் சேர்ந்தார் கெட்டரிங். அந்தக் காலத்துக் கல்லாப்பெட்டியை இயக்க, ஒவ்வொரு முறையும் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அதை மின்சாரத்தால் இயங்க வைப்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

இங்கேதான் அவர் ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனித்தார். கல்லாப்பெட்டியின் மோட்டார் நாள் முழுவதும் ஓட வேண்டியது இல்லை. சில நொடிகள் பலமாகச் சுற்றினால் போதும். பிறகு ஓய்வுதான். நீண்ட நேரம் ஓடும் மோட்டாரில் அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ச்சினால், சூடாகி எரிந்துவிடும். ஆனால், சில நொடிகள் மட்டும் என்றால் தாங்கும். அப்படியானால், சின்ன மோட்டாரை வைத்தே பெரிய வேலையை வாங்கலாம் அல்லவா?

நூறு மீட்டர் ஓட்டப் பந்தய வீரரை நினைத்துப் பாருங்கள். மின்னல் வேகத்தில் ஓடுவார். ஆனால், அதே வேகத்தில் பத்துக் கிலோமீட்டர் ஓட முடியுமா? முடியாது. கெட்டரிங்கின் மோட்டாரும் அந்த வீரரைப் போலத்தான்!

வைக்கோல் கொட்டகையில் ஒரு படை

வேலை நேரம் முடிந்த பிறகு, கெட்டரிங்கும் அவருடன் வேலை பார்த்த எட்வர்ட் டீட்ஸும் சில நண்பர்களோடு சேர்ந்து கார்களுக்கான மின்கருவிகளைச் செய்து பார்த்தார்கள். ஆய்வுக்கூடம் எது தெரியுமா? டீட்ஸ் வீட்டின் பின்புறம் இருந்த கொட்டகைதான்! இரவெல்லாம் அங்கே விளக்கு எரியும். 1909-ல் அவர்கள் தொடங்கிய நிறுவனமே, பிறகு 'டெல்கோ' என்ற பெயரில் புகழ் பெற்றது.

காடிலாக் கார் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி லேலண்ட், கைப்பிடியால் வரும் விபத்துகளை நினைத்துக் கவலைப்பட்டவர். அவருடைய நண்பர் ஒருவர் இப்படி அடிபட்டு இறந்ததாகவும் சொல்வார்கள். கைப்பிடி இல்லாத கார் வேண்டும் என்று முடிவு செய்த லேலண்ட், கெட்டரிங்கின் உதவியை நாடினார்.

அது முடியாத காரியம் என்று பலர் நினைத்தார்கள். இன்ஜினைச் சுற்ற வேண்டுமானால் மோட்டாரும் இன்ஜின் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். அதை எங்கே வைப்பது என்பது அவர்கள் வாதம். கெட்டரிங்குக்கோ கல்லாப்பெட்டி ஞாபகம் வந்தது. இன்ஜினைச் சில நொடிகள் சுற்றினால் போதுமே!

இரவு பகலாக வேலை நடந்தது. மோட்டாரின் வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்ட, பற்சக்கரங்களைப் பொருத்தினார்கள். இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தார் கெட்டரிங். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அதே மோட்டார் டைனமோவாக மாறி, தான் செலவழித்த மின்சாரத்தை பேட்டரிக்கே திருப்பிக் கொடுத்துவிடும்!

1911 பிப்ரவரியில் இந்தக் கருவி ஒரு காடிலாக் காரில் பொருத்தப்பட்டு வேலை செய்தது. 1912-ம் ஆண்டு மாடல் காடிலாக் கார்கள் எல்லாம் ஸ்டார்ட்டரோடு வந்தன. இரும்புக் கைப்பிடி மெல்ல மெல்ல விடைபெற்றது. வலிமையான கைகள் இல்லாதவர்களும் தனியாகக் கார் ஓட்டிச் செல்ல முடிந்தது.

குளிரில் முரண்டு பிடித்தால்...

இன்றும் அமெரிக்கா, கனடா போன்ற பனி நாடுகளில் குளிர்காலக் காலையில் பிக்-அப் வண்டிகள் கிளம்ப மறுப்பது உண்டு. காரணம் என்ன? மூன்று எதிரிகள் ஒன்றாகச் சேர்ந்து கொள்கிறார்கள். ஒன்று, கெட்டியாகிவிட்ட ஆயில். இரண்டு, குளிரில் சரியாக ஆவியாகாத பெட்ரோல். மூன்று, சோர்ந்துபோன பேட்டரி. பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை குளிரில் மெதுவாகிவிடும். உறைநிலைக்குக் கீழே 18 டிகிரி என்றால், அதன் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பலம் அதிகம் தேவைப்படும் நேரத்தில், பலம் குறைந்துவிடுகிறது!

இப்போது நீங்களே மெக்கானிக் ஆகுங்கள். முதல் வேலை, காதைத் தீட்டிக் கொண்டு கேட்பது.

* சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லையா? அல்லது 'டிக்... டிக்...' என்று மட்டும் கேட்கிறதா? பேட்டரி இறங்கியிருக்கலாம். அதன் முனைகளில் வெள்ளையாக உப்புப் பூத்து, மின்சாரத்தைத் தடுக்கலாம். இரண்டும் சரி என்றால், ஸ்டார்ட்டரைச் சந்தேகப்பட வேண்டும்.

* 'க்ர்ர்ர்... க்ர்...' என்று சோம்பலாகச் சுற்றுகிறதா? பேட்டரி பலவீனம், அல்லது குளிருக்கு ஏற்ற ஆயில் ஊற்றவில்லை. ஆயில் டப்பாவில் 10-ஐ அடுத்து 'டபிள்யூ' என்ற எழுத்து இருப்பதைப் பார்க்கலாம். குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து அது. அதற்கு முன்னால் உள்ள எண் குறைவாக இருந்தால், குளிரிலும் ஆயில் எளிதாக ஓடும்.

* வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றிக் கொள்ளவில்லையா? அப்படியானால் ஸ்டார்ட்டர் மேல் குற்றம் இல்லை. தீப்பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். டீசல் வண்டியில் தீப்பொறியே கிடையாது. அங்கே உட்புறத்தைச் சூடாக்கும் 'குளோ பிளக்' கெட்டிருக்கலாம். குளிரில் டீசலே மெழுகு போல உறைந்திருக்கலாம்.

ஒரு விஷயம்... வண்டி கிளம்பவில்லையே என்று சாவியைத் திருப்பியபடியே பிடித்துக் கொண்டிருக்கக் கூடாது. பத்து நொடி முயற்சி, பிறகு ஓய்வு. ஏன் என்று உங்களுக்கே தெரியும். ஸ்டார்ட்டர், நூறு மீட்டர் ஓட்டக்காரர் ஆயிற்றே! பேட்டரியில் அமிலம் இருக்கிறது. எனவே பெரியவர்கள் துணை இல்லாமல் தொடாதீர்கள்.

பழி போட்டார்கள், காரணம் தேடினார்!

கார்களுக்குள் பேட்டரியும் மின்கருவிகளும் வந்த காலத்தில், இன்ஜினில் 'டொக் டொக்' என்று ஒரு சத்தமும் அதிகமானது. மெக்கானிக்குகள் அதை 'நாக்கிங்' என்பார்கள். எல்லோரும் கெட்டரிங்கின் கருவி மேல் பழி போட்டார்கள். அவர் கோபப்படவில்லை. உண்மையான காரணத்தைத் தேடும்படி தன் உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லியிடம் ஒப்படைத்தார். தவறு எரிபொருள் எரியும் விதத்தில் இருக்கிறது என்று தெரிய வந்தது.

அதை எப்படிச் சரி செய்வது? பனி விலகும் முன்பே பூக்கும் ஒரு செடி கெட்டரிங்கின் நினைவுக்கு வந்தது. அதன் இலையின் அடிப்பக்கம் சிவப்பு. சிவப்பு நிறம் வெப்பத்தை நன்றாக ஈர்க்குமோ? எரிபொருளுக்குச் சிவப்பு நிறம் ஏற்றினால் சீராக எரியுமோ? கையில் கிடைத்த அயோடினைக் கலந்தார் மிட்ஜ்லி. சத்தம் குறைந்தது!

வெற்றி என்று குதித்துவிட்டார்களா? இல்லை. வேறு சிவப்புச் சாயங்களையும் கலந்து பார்த்தார்கள். பலன் இல்லை. நிறமே இல்லாத அயோடின் கலவையைக் கலந்தார்கள். சத்தம் குறைந்தது! ஆக, வேலை செய்தது நிறம் அல்ல, அயோடின்தான் என்பது புரிந்தது. தாங்கள் நினைத்தது தவறு என்று தாங்களே சோதித்து அறிந்தார்கள்.

அவர் சோதிக்கத் தவறியது

குட்டீஸ்... பெரியவர்களின் வாழ்க்கையில் இருட்டான பக்கங்களும் உண்டு. அவற்றையும் நாம் தெரிந்து கொள்ள வேண்டும்.

நாக்கிங் சத்தத்தை நிறுத்த, 1921-ல் மிட்ஜ்லி ஈயம் கலந்த ஒரு வேதிப்பொருளைக் கண்டுபிடித்தார். எரிசாராயம் கலந்தாலும் சத்தம் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனாலும், லாபம் தரும் ஈயத்தையே தேர்ந்தெடுத்தார்கள். ஈயம் நஞ்சு என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். 1924-ல் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் சிலர் நஞ்சேறி இறந்தார்கள். சிறிது காலம் நிறுத்தப்பட்ட விற்பனை, 1926-ல் மறுபடியும் தொடங்கியது. காரின் புகை வழியே ஈயம் காற்றில் கலந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும் என்று பின்னாளில் ஆய்வுகள் நிரூபித்தன. இந்தியாவில் 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் விடைபெற்றது. உலகில் கடைசியாக, அல்ஜீரியாவில் 2021-ல்தான் அதன் விற்பனை நின்றது.

சிவப்பு நிறத்தைச் சந்தேகப்பட்டுச் சோதித்த அதே ஆய்வுக்கூடம், ஈயத்தையும் அதே கண்ணோடு பார்த்திருந்தால்? எத்தனையோ குழந்தைகள் தப்பியிருப்பார்கள்.

கெட்டரிங், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவை 1920 முதல் 1947 வரை வழிநடத்தினார். மின்சாரம் எட்டாத பண்ணை வீடுகளுக்கு விளக்கெரிக்கும் கருவியைக் கொடுத்தார். ரயில்களை இழுக்கும் டீசல் இன்ஜின்களை மேம்படுத்தினார். 180-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் உண்டு. 1945-ல் நியூயார்க்கில் தொடங்கிய புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரிலும் அவர் பெயர் இருக்கிறது. 1958 நவம்பர் 25-ல், 82-வது வயதில், டேட்டனில் காலமானார்.

என்ன குட்டீஸ், சைக்கிள் ஓடவில்லையா? கணக்குக்கு விடை வரவில்லையா? எங்கே தவறு என்று கெட்டரிங்கைப் போல ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள். விடை கிடைத்ததும், இதனால் யாருக்காவது கெடுதல் வருமா என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கெட்டரிங் கேட்க மறந்த கேள்வி அதுதான்!